அணுச் சாம்பலும் என் அறுபதடிக் கிணறும்

சங்கரன்கோவில்,
12-3-1957

சிரஞ்சீவி பெத்துராஜுக்கு மாமன் ராமசுப்பு ஆசீர்வாதம். பம்பாயில் நீ சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் சுகம். மிளகாய்த் தோட்டம் இன்னும் பத்து நாள் வரை சுகம்.

அணு உலையில் எரிந்து தீர்ந்த யுரேனியத்தை என்ன செய்வது என்று வாரப் பத்திரிகையில் நீ எழுதிய கட்டுரையை முகம்மது ஹுசைன் டீக்கடையில் உரக்க வாசித்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஆறவைக்கலாம் என்பது உன் முதல் வழி. மாடு குளிக்கவே தண்ணீர் இல்லாத ஊராதலால் அது அப்போதே தள்ளுபடியாயிற்று. திராவகத்தில் கரைத்து, மிச்சமிருக்கும் சத்தைப் பிரித்து மறுபடி எரிக்கலாம் என்பது இரண்டாவது. "எரிஞ்ச விறகையே திரும்ப எரிக்குததா? உங்க மருமகன் வீட்டுக்கு விறகு வாங்கினதே இல்ல போலுக்கு" என்று உன் அத்தை அதை முடித்துவைத்தாள். மூன்றாவது வழியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஈரமே இல்லாத பாறையில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து ஆயிரம் வருஷம் காவல் வைக்கலாம் என்று எழுதினாயே, மாமன் மேலநீலிதநல்லூர் சாலையில் அறுபதடி பாறையை வெட்டி ஒரு சொட்டு ஈரம் காணாமல் நிற்கிறானே என்று நினைத்தாயா? எழுதியவன் என் மருமகன், குழி என்னுடையது, ஈரமும் இல்லை. ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மறுநாளே கிணறு வெட்டும் பிச்சையா கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "தண்ணிக்குத் தோண்டுதோம்னு சொல்லி எங்கள ஏமாத்திட்டியளே அண்ணாச்சி. நாங்க அடியில நிக்கும்போது சாம்பல இறக்கிட்டா எம் பொண்டாட்டி யார்ட்ட போயி கேப்பா?" என்று சொல்லிவிட்டு ஆட்களோடு போய்விட்டான். அரைமணியில் தோட்டக் காவல் பார்க்கும் கருத்தப்பாண்டி வந்தான். "ஆயிரம் வருசக் காவல எங்க வம்சத்துக்கே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. நடுவுல வேற ஆளு வந்தா நல்லாருக்காது."

"இது கெணறுலே, கெணறு!" என்று கத்தினேன்.

"வெளிய அப்படித்தான் சொல்லணும், எனக்குத் தெரியாதா?" என்று கண்ணடித்துவிட்டுப் போகிறான்.

ஆகவே என் குழி வெறும் கிணறுதான் என்று அடுத்த இதழிலேயே உன் கையெழுத்தோடு மறுப்பு வரவேண்டும். பத்து நாளில் தண்ணீர் காணாவிட்டால் மிளகாய் கருகிவிடும். அதற்குப் பிறகு உன்னை மருமகன் என்று நான் யாரிடமும் சொல்வதற்கில்லை.

சங்கரலிங்கமும் கோமதியம்மனும் உன்னைக் காக்கட்டும். உன் பேனாவை மட்டும் கொஞ்சம் தடுத்துவைக்கட்டும்.

இப்படிக்கு,
ராமசுப்பு

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்க ஆறு நாள் தாமதமாயிற்று. ஈரம் கண்ட குழி அணுச் சாம்பலுக்கு உதவாது என்பதை உன் கட்டுரையிலேயே யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரைக் காப்பாற்ற வேண்டுமென்று பிச்சையா தலைமையில் முப்பது பேர் கூலி பேசாமல் இறங்கி, மேற்கொண்டு ஐந்தே அடியில் ஊற்றைக் கிளப்பிவிட்டார்கள். மறுப்பு எழுத வேண்டாம். கரிவலம்வந்தநல்லூரில் உன் அத்தையின் தம்பி கிணறும் வறண்டு கிடக்கிறது. அடுத்த கட்டுரையில் அந்த ஊர்ப் பாறையைப் புகழ்ந்து இரண்டு வரி எழுது.