ஏரிக்குள் இறங்கிய துரை அடுப்பு

எதைப் பார்த்தாலும் வாயைப் பிளந்து நிற்கிறவன் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. எனக்கு அந்த வியாதி பிறவியிலேயே உண்டு. இருபத்திரண்டு வயதில் அது முற்றியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. அவர்கள் விட்டுப்போகும் பியானோவுக்கும் பீங்கானுக்கும் போட்டி இருந்தது. தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடுகிற இரும்பு அடுப்பை மட்டும் யாரும் சீண்டவில்லை. அதைத் தேடிப்பிடித்து வாங்கியவர்கள் நானும் என் அக்கா புருஷன் செபஸ்தியான் அத்தானும்தான். இருவருக்கும் வேலை இல்லை. (எனக்குக் கிடைக்கவில்லை, அத்தானுக்குக் கிடைத்தது நிலைக்கவில்லை.)

லான்மடாவ் பேட்டையில் எங்கள் வீட்டுப் பின்சந்துதான் பட்டறை. கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டுவோம். கம்பிகளைப் புளி போட்டுத் தேய்ப்போம். கடலை எண்ணெய் தடவி நெருப்பில் காட்டினால் இரும்பு கருகருவென்று புதுசாகிவிடும். பக்கத்துப் பேட்டையான லத்தாவில் இறைச்சி வாட்டி விற்கும் சீனர்கள் சின்ன அடுப்புகளை வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குள் அதற்குப் பெயர் துரை அடுப்பு. தொழில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் அந்தப் பெரிய அடுப்பைப் பார்க்கும்வரை.

ஏரிப்பக்கம் ஒரு பங்களாவில், வாதாமரத்தடியில் அது நின்றது. மாட்டுவண்டி அளவு இருக்கும். கவிழ்த்த கொப்பரை மாதிரி மூடி, பக்கத்தில் புகைபோக்கி, நான்கு இரும்புச் சக்கரம். மழையில் நனைந்து துருவேறிக் கிடந்தாலும் எனக்கு அது அரசனுடைய ரதமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விலை பேச வேண்டிய நேரத்தில் அதைத் தடவிக்கொண்டிருந்தேன். விற்கிறவர் முகத்தில் சந்தோஷம் கூடிக்கொண்டே போனதை அத்தான்தான் கவனித்தார்.

சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறாது என்பதால் லான்மடாவ் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தோம். பஸ்கள் எங்களுக்காக ஒதுங்கின. வாசலில் அதைப் பார்த்த அக்கா, இது விற்கிறவரைக்கும் நீங்கள் இரண்டு பேரும் என்னோடு பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துருவை எடுத்த பிறகு, இவ்வளவு பெரிய அழகியை வெறும் எண்ணெய்க் கறுப்பில் அனுப்புவதா என்று எனக்குத் தோன்றியது. வெள்ளி பெயிண்ட் வாங்கி வந்தேன். (தண்ணீர்க் குழாய்க்கும் வாசல் கேட்டுக்கும் அடிப்பார்களே, அதே பெயிண்ட்தான்.) வெளியே அடித்து முடித்ததும் கை நிற்கவில்லை. மூடியின் உள்பக்கம் அடித்தேன். கம்பிகளுக்கும் அடித்தேன்.

"உள்ளேயுமா மாப்ள?" என்று அத்தான் கேட்டார்.

செய்வதை முழுசாகச் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன்.

காய்ந்து நின்றபோது அதன் மேல் விழுந்த வெயிலைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. தெருவே வந்து பார்த்தது. எதிர்வீட்டுப் பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே வந்தார். அந்தக் கூட்டத்தைக் கண்டு காரை நிறுத்தியவர் மரவியாபாரி ஊ போ தின். அவர் மகள் மா கின்னுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். விருந்துக்கு இதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கோழி சுட்டுக் காட்டினால், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். வருகிறவர்கள் எல்லாம் தோட்டமுள்ள பெரிய மனிதர்கள் என்றும் சொன்னார். அத்தான் அன்றைக்கே பெரிய பட்டறைக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஊ போ தின்னின் வீட்டுப் புல்வெளி சரிவாக இறங்கி ஏரியில் முடியும். மேல்பக்கம் பந்தல். அதன் அருகே அடுப்பை நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்தோம். பட்டு லுங்கியும் வைரக் கம்மலுமாக விருந்தாளிகள் சுற்றி நின்றார்கள். கரி கனன்றதும் முழுக் கோழிகளை அடுக்கி, நான் மந்திரவாதி மாதிரி மூடியைச் சாத்தினேன்.

புகைபோக்கியில் முதலில் நல்ல புகைதான் வந்தது. பிறகு வந்த வாசனை சமையலறை வாசனை இல்லை. அத்தான் என்னைப் பார்த்தார். நான் புகைபோக்கியைப் பார்த்தேன். ஊ போ தின், போதும், திறந்து காட்டு என்றார்.

திறந்தேன்.

மூடியின் உள்பக்கப் பெயிண்ட் மொத்தமும் உரிந்து கோழிகள் மேல் படிந்திருந்தது. உச்சி வெயிலில் அத்தனை கோழிகளும் வெள்ளியில் வார்த்த மாதிரி ஜொலித்தன. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால், நானும் ஒரு கணம் மெய்மறந்துதான் நின்றேன். அவ்வளவு அழகான கோழியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் பெரியம்மா டோ சீன்தான் அந்தச் சபையில் மூத்தவர். முதல் துண்டு அவருக்கு என்று ஊ போ தின் அறிவித்தார். அந்த அம்மா பயபக்தியோடு தட்டை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. இது பெயிண்ட், சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டும். பிறந்ததிலிருந்து பேசுகிற பர்மிய மொழியில் ஒரு வார்த்தைகூட நாக்குக்கு வரவில்லை. வேறு வழி தெரியாமல் அடுப்பின் கைப்பிடியைப் பிடித்து, அந்த அம்மாவிடமிருந்து அதைப் பின்னால் இழுத்தேன்.

செங்கல் புரண்டது. கைப்பிடி என் கையைவிட்டுப் போனது.

அது மெதுவாகத்தான் கிளம்பியது. பிறகு வேகம் பிடித்தது. கோழிக் கொழுப்பு கரியில் கொட்டித் தீ ஆளுயரத்துக்கு எழுந்தது. மூடி கைதட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டது. தீயும் புகையும் வெள்ளிக் கோழிகளுமாக அந்த ரதம் பச்சைப் புல்வெளியில் நேர்க்கோடாக இறங்கி, ஏரிக்குள் பாய்ந்தது. பெரிய சீறல் ஒன்று கேட்டது. தண்ணீரிலிருந்து வெள்ளை ஆவி ஒரு தூணாக எழும்பி, பனைமர உயரத்துக்குப் போய், மெல்லக் கலைந்தது.

டோ சீன் காலித் தட்டோடு நின்றிருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் முடியுமாப்பா?" என்று மரியாதையான குரலில் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஊ போ தின் முந்திக்கொண்டார். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போவதை அவரால் தாங்க முடியாது. "துரைமார் நாட்டு வழக்கம். முதல் சமையல் தண்ணிக்கு. ஜோடி நல்லா இருக்கும்" என்றார். சொல்லும்போது அவர் கண் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளை வீட்டார் மனம் குளிர்ந்து டான்பாவ் பிரியாணி சாப்பிடப் போனார்கள். நாங்கள் பின்வாசல் வழியாக வெளியேறினோம். அக்கா மேலும் ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. அதன் பிறகு அத்தானுக்கு ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்தது, நிலைக்கவும் செய்தது.

இருபத்தைந்து வருஷம் கழித்து மா கின் (வயதுக்கு மரியாதையாக இப்போது டோ கின்) தன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எங்கள் இருவரையும் தேடிப்பிடித்து அழைத்தாள். அதே வீடு, அதே புல்வெளி. சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் எழுந்து வரிசையாக ஏரிக்கரைக்குப் போனார்கள். வெள்ளித்தாள் சுற்றிய ஒரு முழுக் கோழியை வாழைமட்டைத் தெப்பத்தில் வைத்து, நெருப்பேற்றி, தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சத்தம் போடவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"வாயத் தொறந்த, உன்னையும் சேத்துத் தள்ளிடுவேன்" என்று அத்தான் காதோடு சொன்னார்.

டோ கின் என்னிடம் வந்து, தன் குடும்பத்தில் எல்லா நிச்சயத்துக்கும் இதைச் செய்வதாகவும், அப்பா சொல்லிக்கொடுத்தபடியே செய்வதாகவும் சொன்னாள். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கவலையோடு கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதுதான் தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது கருகினாலும், உடைந்தாலும், பரீட்சையில் யார் கோட்டைவிட்டாலும் ஒரே பேச்சுதான்: "விடு, ஏரிக்குக் குடுத்தாச்சு." தமிழ் அரைகுறையாகப் பேசுகிற என் பேரப்பிள்ளைகள்கூட இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பிழையில்லாமல் சொல்கிறார்கள்.