முகாதமின் கருப்பை

பிம்பள்தரா கிராமத்தில் சாமி மஞ்சள் துணி வழியாகப் பேச ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நேரம் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தது. தசரா முடிந்தால் ஊரில் பாதிப்பேர் கரும்பு வெட்ட லாரி ஏறிவிடுவார்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஈயும் நாயும்தான் ஊரைக் காவல் காக்கும். அவற்றிடம் தட்சிணை வாங்க முடியாது என்று சாமிக்குத் தெரியாதா என்ன?

ஊர் அம்மன் ஆயியின் கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகை. கொட்டகை வாசலில் மஞ்சள் மகராஜின் படம் போட்ட பேனர். ‘கருப்பை நோய் அனைத்தும் கண் முன்னே தெரியும்! கத்தி இல்லை! ஊசி இல்லை! வெட்கம் இல்லை!’ கடைசி இரண்டு வார்த்தையை மகராஜ் தன்னைப் பற்றியே எழுதிக்கொண்டார் போலிருக்கிறது.

போன வருஷம் வரைக்கும் இதே மனிதர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து, போர்வெல்லுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் அறுநூறு அடிவரைக்கும் புழுதிதான் வந்தது. மண்ணின் வயிற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றதும் பெண்களின் வயிற்றுக்கு வந்துவிட்டார். அங்கே ஆழம் அளக்க ஆள் வரமாட்டார்கள் அல்லவா?

வைத்தியம் எளிது. மஞ்சளில் ஊறப்போட்டுக் காயவைத்த ரவிக்கைத் துணி ஒன்று ஆயியின் மடியில் விரித்திருக்கும். பெண் வலது கட்டை விரலைத் தீர்த்தச் சொம்பில் நனைத்து அதில் அழுத்த வேண்டும். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் கருப்பை சுத்தம். சிவந்தால் கருப்பையில் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். சிவந்தவள் ஒரு சேலை, ஒரு கோழி, ஏழு எலுமிச்சம்பழம் கொண்டு வர வேண்டும். அந்தப் பழங்களை ஆயி முன்னால் இரண்டு கையிலும் பிழிந்து தேய்த்துக்கொண்டு மறுபடி விரலை வைத்தால், அற்புதம்! துணி மஞ்சளாகவே இருக்கும். நோய் ஓடிவிட்டது. கோழி மகராஜின் குழம்புக்கு ஓடிவிட்டது.

ஆரத்தி கரைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கவும். கதை இன்னும் பாக்கி இருக்கிறது.

ஊரில் பத்துக்கு ஏழு பெண்களுக்குச் சிவந்தது. சிவக்காதவள் வசதியான வீட்டுக்காரியாக இருந்தால் மகராஜே அவள் கட்டை விரலைத் தொட்டு ஆசி கொடுத்து மறுபடி வைக்கச் சொல்வார். உடனே சிவக்கும். ஏழையென்றால் மஞ்சளோடு விட்டுவிடுவார். அந்த அளவுக்கு இரக்க மனசு.

இதில் வயிறு எரிந்தவள் ஷெவந்தா. அந்த ஊரின் ‘ஆஷா’ என்கிற சுகாதார ஊழியர். மும்பையிலிருந்து வந்த ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்காக இரண்டு வருஷமாக வீடு வீடாக நடந்தவள். கருப்பை வாயில் புற்றுநோயைக் கொண்டுவருகிற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. டாக்டர் முன்னால் படுக்க வேண்டாம். பெண் தன் வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சின்னப் பிரஷ்ஷால் தானே மாதிரி எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். கிருமி இருந்தால் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார்கள். அங்கே வினிகரைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதை அங்கேயே சூடு வைத்துக் கருக்கி அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கோ கிருமி வரும் முன்னாலேயே தடுப்பூசி. அந்தப் பிரஷ்ஷைக் கையில் வாங்க வைப்பதற்குள் ஷெவந்தாவுக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது.

பதினொரு பேருக்குக் கிருமி இருந்தது. பத்துப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்கள். மிச்சம் மன்கர்ணா ஒருத்திதான். முதல் தடவை மாடு கன்று போட்டது. இரண்டாம் தடவை நாத்தனார் வீட்டுக் கல்யாணம். மூன்றாம் தடவை மஞ்சள் துணி.

லாரி வருவதற்கு முதல் நாள் காலையில் ஷெவந்தா போனபோது மன்கர்ணா சோள மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, சும்மா சும்மா வாசல்ல வந்து நிக்காத. ஆயி துணி மஞ்சளாவே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல.”

“துணி உள்ள போய்ப் பாத்துட்டு வந்துச்சா?”

“உன் பிரஷ்ஷு மட்டும் என்னத்தக் கண்டுச்சு?”

“அதுல வந்தத மிஷின்ல வெச்சுப் பாத்திருக்காங்கடி. கிருமி இருக்கு. புத்துநோய்னு நான் சொல்லவே இல்ல. நெறைய பேருக்கு அது தானாவே போயிடும். போகாம தங்கிடுச்சுன்னா வருஷக்கணக்கா சத்தமில்லாம வேலை செய்யும். இப்பவே பாத்தா ஒரு நிமிஷச் சூடோட முடிஞ்சு போயிடும்.”

“உனக்குத்தான் துணி செவந்துச்சாமே? ஊரே சொல்லுது. மொதல்ல உன் வயித்தப் பாரு!”

அது உண்மைதான். மகராஜ் என்னதான் செய்கிறார் என்று வேவு பார்க்கப் போன ஷெவந்தாவும் கட்டை விரலை வைத்தாள். பளிச்சென்று சிவந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதனையில் அவளுக்குக் கிருமியே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மன்கர்ணாவின் புருஷன் தக்டு அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னான். “அண்ணி, நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு அரிவாள்னு எழுதுவாங்க. இவ இல்லன்னா என்னைப் பாதி அரிவாளா ஏத்துவாரா முகாதம்? நாளைக்குக் காலைல லாரி. வந்து பாத்துக்கலாம்.”

முகாதம் என்றால் கரும்பு வெட்டுக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவர் சொன்னால் ஊரில் சூரியன்கூட யோசித்துத்தான் மறையும்.

‘வந்து பாத்துக்கலாம்’ என்ற வார்த்தை ஷெவந்தாவின் நெஞ்சில் குத்தியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் கூடப்பிறந்த அக்காவும் உதிரப்போக்கோடு இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறினாள். கரும்புக் காட்டிலிருந்து அவளைக் கம்பளியில் சுற்றித்தான் இறக்கினார்கள். ஷெவந்தாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மன்கர்ணாவுக்குக் கிருமி இருப்பதை ஊர் நடுவில் போட்டு உடைக்கவும் முடியாது. பேஷண்ட் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்.

மத்தியானம் பிட்லா குழம்புக்கு அடுப்பு மூட்டினாள். கடலை மாவைக் கரைத்து வைத்துவிட்டு, சத்துமாத்திரை அட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். மாதம் ஒரு தடவை ‘புகையிலை உயிரைக் கொல்லும்’ என்று பள்ளிக்கூடத்தில் முழங்குகிற ஷெவந்தா, புகையிலை போடுவாள். கதவைச் சாத்திக்கொண்டுதான். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை புகையிலை, அதன் மேல் கொஞ்சம் சுண்ணாம்பு; கட்டை விரலால் நாலு கசக்கு, இரண்டு தட்டு, உதட்டுக்குள் ஒரு அடக்கு. ஊரில் ஆணும் பெண்ணும் தினமும் பத்துத் தடவை செய்கிற காரியம் இது.

அப்படியே ஈர விரலால் மஞ்சள் தூளை எடுத்துக் குழம்பில் போடப்போனவள் கட்டை விரலைப் பார்த்தாள். குங்குமத்தில் தோய்த்ததுபோல் சிவந்திருந்தது.

“அடிப் பாவி!” என்றாள். மகராஜை அல்ல, தன்னைத்தான்.

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு மஞ்சளானது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி சிவப்பு. ஆயி அவள் அடுப்படிக்கே வந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஷெவந்தா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். குழம்பு அடிபிடித்ததுகூடத் தெரியவில்லை. பிறகு ஒன்று ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது. ஊரில் புகையிலை வாடைக்கே வாந்தி எடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். மன்கர்ணா.

மறுநாள் காலை கோயில் வாசலில் லாரி நின்றது. சட்டி, மூட்டை, கோழிக்கூடு, குழந்தை எல்லாம் ஏறிவிட்டன. முகாதம் உத்தம்ராவ் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கத்தினார். “பொம்பளைங்க எல்லாரும் ஆயி துணில விரல் வெச்சுட்டுத்தான் ஏறணும்! பாதி வெட்டுல வயித்து வலின்னு படுத்தா நான் பொறுப்பில்ல!”

மகராஜ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கோழிகள் வரிசையாக வரும் நாள்.

ஷெவந்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். “மகராஜ், ஒரு சந்தேகம். ஆயி எல்லாரோட வயித்தையும் பாப்பாளா?”

“அண்ட சராசரத்தையும் பாப்பா.”

“அப்படின்னா மொதல் விரல் முகாதம் சாகேபோடதா இருக்கட்டும். அவர்தானே நமக்கெல்லாம் பெரியவர்?”

மகராஜின் கண் திறந்துகொண்டது. “ஆம்பளைக்கு இது ஆகாது. தோஷம்.”

“என்ன தோஷம்? ஆம்பளைக்கு மஞ்சளாத்தானே இருக்கப்போகுது? மஞ்சளா இருந்தா சுபம்தானே?” என்று ஷெவந்தா முகாதமின் பக்கம் திரும்பினாள். “இல்ல, சாகேபுக்கு ஏதாச்சும் பயமா?”

“எனக்கா பயம்?” உத்தம்ராவ் அப்போதுதான் புகையிலையைத் தட்டி உதட்டில் அடக்கியிருந்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார், சொம்பில் நனைத்தார், ஆயியின் மடியில் அழுத்தினார்.

துணி ரத்தமாகச் சிவந்தது.

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “ஐயையோ ஆயி! முகாதம் சாகேபோட கருப்பைல காத்து புகுந்துருச்சே!”

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கம் கிளம்பியது. டிரைவர் ஓடிவந்து விரலை வைத்தான், சிவப்பு. தக்டு வைத்தான், சிவப்பு. “எத்தன மாசம்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“முன் ஜென்மத்துல பொம்பளையாப் பொறந்திருப்பாங்க!” என்றார் மகராஜ்.

“மூணு பேருமா?” என்றாள் ஷெவந்தா. மகராஜின் தட்டிலிருந்தே ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முகாதமின் கையில் பிழிந்தாள். “தேயுங்க சாகேப். நல்லா. இப்ப வைங்க.” மஞ்சள் அப்படியே இருந்தது. “பாத்தீங்களா? சுகப்பிரசவம்.”

இடுப்பிலிருந்து தன் டப்பாவை எடுத்து எல்லாரும் பார்க்கத் திறந்தாள். “புகையிலைக்குப் போடுற சுண்ணாம்புங்க. விரல்ல அது இருந்தா மஞ்சள் செவக்கும், எலுமிச்சம்பழம் பட்டா போயிடும். இவ்வளவுதான் ஆயி. எனக்குச் செவந்ததும் இதனாலதான். ஆமா, நானும் போடறேன். திருட்டுத்தனமா. சிரிச்சுக்குங்க!”

சிரித்தார்கள். இனி பள்ளிக்கூடத்தில் அவள் முழங்கினால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மகராஜ் லேசுப்பட்ட ஆளா? எழுந்து நின்றார். “இவங்க ஆஸ்பத்திரில மட்டும் என்ன பண்றாங்க? வினிகரத் தடவி வெள்ளையாகுதான்னு பாக்கறாங்க! அதுவும் நெறம், இதுவும் நெறம். அவங்க பாத்தா விஞ்ஞானம், நான் பாத்தா ஏமாத்தா?”

கூட்டம் கொஞ்சம் யோசித்தது. கேள்வி என்னவோ நல்ல கேள்விதான்.

“நல்லாக் கேட்டீங்க. அவங்க விரல்ல தடவிப் பாக்கல, நோய் வர்ற எடத்துலயே தடவிப் பாக்கறாங்க. அதுவும் சில தடவ தப்பாப் போகும். எத்தன தடவ தப்பாச்சுன்னு அவங்களே எழுதி வெச்சுக்கறாங்க. அந்தத் தப்பக் குறைக்கத்தான் ரெண்டு வருஷமா என்னை இப்படி நடக்கவிட்டிருக்காங்க. உங்க துணி எத்தன தடவ தப்பாச் சொல்லிச்சு மகராஜ்?”

“ஆயி தப்பே சொல்ல மாட்டா!”

“அப்ப சரி. முகாதம் சாகேபுக்குக் கருப்பை இருக்கு.”

உத்தம்ராவின் முகம் துணியைவிடச் சிவந்தது. உதைத்த உதையில் தீர்த்தச் சொம்பு கோயில் படியில் உருண்டது. மகராஜ் பேனரைக்கூட அவிழ்க்காமல் பைக்கைத் தேடிக்கொண்டு ஓடினார். சேலையைத் திருப்பிக் கேட்டுப் பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். கோழியைக் கேட்டுப் பயனில்லை.

மன்கர்ணா மட்டும் சிரிக்கவில்லை. லாரிக்குப் பின்னால் வந்து ஷெவந்தாவின் முந்தானையைப் பிடித்தாள்.

“எனக்கு மஞ்சளா இருந்துச்சே அக்கா.”

“நீ புகையிலை போடமாட்ட.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். முகாதமுக்குக் கருப்பை இருக்குன்னு சொன்ன அதே துணிதான்டி, உனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிச்சு.”

மன்கர்ணா தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுத்தமான விரல். பிறகு புருஷனிடம் போனாள். “லாரி ஆஸ்பத்திரி வழியாத்தானே போகுது? நான் அங்க எறங்குவேன். நீ பாதி அரிவாளாப் போறதுன்னாப் போ.” தக்டு முகாதமைப் பார்த்தான். முகாதம் எங்கேயோ பார்த்தார். அன்றைக்கு யாரையும் எதிர்த்துப் பேசுகிற நிலையில் அவர் இல்லை.

ஷெவந்தாவும் கூடவே லாரி ஏறினாள். தாலுக்கா ஆஸ்பத்திரி வாசலில் நாற்பது பேரோடு லாரி காத்து நின்றது. வினிகர் வைத்ததும் வெள்ளைத் திட்டு தெரிந்தது, சின்னதுதான். சூடு வைக்கப் பிடித்த நேரத்தில் டிரைவர் ஒரு டீ குடித்து முடிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று சிஸ்டர் அட்டையில் எழுதிக் கொடுத்தார். மன்கர்ணா அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

“இதுக்கா அக்கா நான் மூணு தடவ தப்பிச்சு ஓடினேன்?” என்றாள். ஷெவந்தா அவளைக் கைகொடுத்து லாரியில் ஏற்றிவிட்டாள். சில வருஷம் முன்னாலேயே பார்த்திருந்தால் தன் அக்காவுக்கும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாளையிலிருந்து புகையிலையை விட்டுவிடுவதாக ஷெவந்தா சொல்லியிருக்கிறாள். பார்க்கலாம், மகராஜைத் துரத்துகிற மாதிரி சுலபமான காரியம் இல்லை அது.

மகராஜ் இப்போது பக்கத்துத் தாலுக்காவில் இருக்கிறாராம். புது பேனர், புது ஆயி, அதே மஞ்சள். கூட்டம் அலைமோதுகிறதாம். நீங்கள் அந்தப் பக்கம் போனால், கட்டை விரலை நீட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்தாவது பாருங்கள். மூக்கையும் சாமிதான் கொடுத்தது என்று நம்புகிறவர்கள், அதை அறுபட மட்டும்தானா கொடுத்தது என்று கொஞ்சம் யோசிக்கக்கூடாதா?