பெட்டியில் எழுதிய குடல்

மனிதக் குடலை என் அம்மா குழம்பு வைத்துவிட்டார் என்று முழுசாக ஒரு நிமிடம் நம்பியவள் நான். தப்பு அம்மாவுடையது அல்ல. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'குடல்' என்று எழுதிய மகாபுத்திசாலி நான்தான்.

அப்போது ஆய்வகத்தில் நான் புது உதவியாளர். உடம்பில் கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி, பெருங்குடல் புற்றுக்கட்டிக்கும் தீனி போடுகிறதா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கிள்ளான் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட ஒருவரின் கட்டித் துண்டை, வெண்புகை கக்கும் உலர்பனியில் வைத்து ரயிலில் கொண்டுவர வேண்டும். உருகினால் நொதி கெட்டுவிடும். அவர் மனமுவந்து கொடுத்தது குப்பைக்குப் போகும். ரயிலில் யாரும் மிரளக் கூடாது என்று மலாய், ஆங்கிலத்தை விட்டுத் தமிழில் எழுதினேன். (தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற ரயிலில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்களாம்!)

கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியதும் வயிற்றைக் கலக்கியது. வீடு பக்கத்தில்தான். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினேன். (ஆராய்ச்சியாளரின் குடலுக்கும் அவசரம் உண்டு.)

திரும்பியபோது வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. பட்டப்பகலில், சமையலறைத் தரையில் கணுக்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகை ஊர்ந்துகொண்டிருந்தது. மேசையில் பெட்டி இல்லை. அடுப்பில் குக்கர் உஸ்ஸென்று மூச்சு விட்டது. மஞ்சளோடு குடல் வேகும் வாசனை.

அம்மா மூலையில் கத்தியோடு நின்றார். கண் இமைக்கவில்லை.

"ம்மா... பெட்டி எங்க?"

"குடல்னு எழுதியிருந்துச்சி. நீ வாங்கியாந்தேன்னு திறந்தேன்."

"ஐயோ, அது மனுஷக் குடல்மா!"

கத்தி கீழே விழுந்தது. குக்கர் வீலென்று விசிலடித்தது. முகம்கூடத் தெரியாத அந்த மனிதர் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிடுவது போலிருந்தது. ஓவென்று அழுதுவிட்டேன்.

"அடி லூசு, குக்கர்ல இருக்கிறது பாசார்ல வாங்குன ஆட்டுக்குடல் லா! புகையப் பார்த்து பயந்துபோயி உன் பெட்டிய அப்படியே மூடி சாமி ரூம்ல வச்சிட்டேன்."

ஓடினேன். மூடியின் மேல் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். உள்ளே துண்டு கல்லாக உறைந்து பத்திரமாக இருந்தது. உயிர் வந்தது.

"யாருதுடி?"

"யாரோ ஒரு அங்கிள்மா. பேரு தரமாட்டாங்க, நம்பர்தான்."

"பேரு இல்லாட்டி என்ன, நல்லாருக்கட்டும்" என்று பெட்டிக்குத் திருநீறு பூசினார். (ஆய்வகத்தில் மேலதிகாரி அதைத் தொட்டுப் பார்த்து, என்ன ரசாயனம் என்று கேட்டார்.)

இன்றும் எங்கள் வீட்டில் குடல் குழம்பு என்றால், சட்டியைத் திறக்குமுன் அம்மா மூடியைத் தட்டுவார்: "அங்கிள், உள்ள இருக்கீங்களா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான். ஆனால் பதில் வரவில்லை என்று உறுதியான பிறகே சோற்றில் கை வைப்பேன்.