நாற்பத்து நாலு கிராம் பாவம்

எடைச் சாமியார் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தராசு பூஜ்யம் காட்டியதாம். குழந்தையிடம் பாவமே இல்லையே, எடை எங்கிருந்து வரும்? நர்ஸ் தராசைத் தட்டிப் பார்த்தாராம், தராசு கும்பிட்டதாம். இதை நம்பாதவர் எவரும் அந்த வரிசையில் இல்லை. வரிசையோ மண்டபத்தில் தொடங்கி, பஸ் நிலையத்தைச் சுற்றி, மறுபடி மண்டபத்துக்கே வந்து தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆளாக நின்றவள் மாப்பிள்ளையின் அம்மா. போன வாரம் மகனையும் வருங்கால மருமகளையும் கூட்டிவந்து எடை போட்டிருந்தாள். முறை எளிது. மின்தராசின் மேல் தீர்த்தப் பாத்திரம். தராசின் மேலேயே அதன் பக்கத்தில் வெள்ளைப் பொடிப் பொட்டலம். பாவி பாத்திரத்தின்மேல் கை நீட்ட, சாமியார் பொடியைக் கொட்டுவார். பொசபொசவென்று நுரை பொங்கும். அடங்கியதும் எடை குறைந்திருக்கும். குறைந்ததெல்லாம் பறந்துபோன பாவம்!

மகனுக்குப் பதினொரு கிராம். பெண்ணுக்கு நாற்பத்து நாலு.

"நாலு மடங்கா! இந்தப் பாவமூட்டை என் வீட்டுப் படி ஏறக் கூடாது" என்று கல்யாணத்தையே நிறுத்திவிட்டாள். மகன்? வாயைத் திறந்தால் பதினொன்று பன்னிரண்டாகிவிடுமோ என்பதுபோல நின்றான்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் இன்று தானாகவே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, உங்க பையனுக்குக் கொட்டின பொடி இருபத்தோரு கிராம். எனக்கு எண்பத்து நாலு. நாலு மடங்கு பாவம் இல்ல, நாலு மடங்கு பொட்டலம்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பொட்டலத்தை வைக்கும்போது தராசைப் பார்த்தேன். நீங்க சாமி மூஞ்சியைப் பார்த்தீங்க."

"அப்படி என்னடி பொடி அது?"

"சோடா உப்பு. தீர்த்தம், எலுமிச்சை உப்பு கரைச்ச தண்ணி. சேர்ந்தா காத்து கிளம்பும். முட்டையை டஜன் கணக்குல எண்ணுறீங்கல்ல? கண்ணுக்குத் தெரியாத துகளை நாங்க மோல் கணக்குல எண்ணுவோம். ஒரு மோல் சோடா உப்பு எண்பத்து நாலு கிராம். அதுலேருந்து ஒரு மோல் கரியமில வாயு பறக்கும், நாற்பத்து நாலு கிராம். கொலைகாரன் கை நீட்டினாலும் அவ்வளவுதான், கைக்குழந்தை நீட்டினாலும் அவ்வளவுதான்."

"போடி! பாவத்தை மறைக்கக் கணக்கு வேறயா?"

"சரி, பாவமே இல்லாதவர் ஒருத்தர் இருக்காரே, அவர் நீட்டட்டும். எனக்குப் போட்ட அதே பொட்டலம்." ஒரு சீட்டில் எதையோ எழுதி அம்மாவின் கைப்பையில் போட்டாள்.

அம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறியது. "சாமி! பூஜ்யத்தைக் காட்டி இவ வாயை அடைங்க!"

சாமியாருக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. ஆனால் பக்தியே வாசலை மறித்துக்கொண்டு நின்றது. சின்னப் பொட்டலம் ஒன்றை மெல்ல எடுத்தார். "அது வேணாம் சாமி, பெரிசு!" என்று அம்மாவே எடுத்துத் தராசில் வைத்தாள். எண்பத்து நாலு கூடியது. சாமியார் ஒரு கையை நீட்டி, மறு கையால் பொடியைக் கொட்டினார். பொங்கியது பாருங்கள் நுரை, பூமி உண்டான நாளிலிருந்து யாரும் கண்டிராத நுரை! அடங்கியபோது நாற்பத்து மூன்று கிராம் குறைந்திருந்தது.

அம்மா சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள். 'நாற்பத்து நாலு. ஒரு கிராம் வாயு தண்ணீரிலேயே தங்கலாம்.'

"சாமி, ஒரு கிராம் இன்னும் உள்ளேயே இருக்கு!" என்று யாரோ கத்த, மண்டபம் குலுங்கியது. சாமியார் பின்வாசல் வழியாகப் பறந்தார். மண்டபத்துக்கு ஏற்பட்ட அந்த எடைக்குறைவை மட்டும் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

"நம்ம பாவத்தையெல்லாம் அவர் வாங்கிக்கிட்டாரோ என்னவோ" என்று அம்மா முனகினாள்.

"அப்ப இந்தத் தடவை யாரும் கை நீட்ட வேணாம். நீங்களே கொட்டுங்க."

புதுப் பாத்திரத் தீர்த்தத்தில் நாற்பத்திரண்டு கிராம் பொடியைக் கொட்டிவிட்டு அம்மா தள்ளி நின்றாள். சுற்றி மூன்று அடிக்கு ஒரு பாவியும் இல்லை. இருபத்திரண்டு கிராம் பாவம் ஜோராகப் பறந்துபோனது.

அம்மா காலிப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்தாள். "கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம்?" என்றாள் கடைசியில்.

"தராசு உங்க பையன் கண்ணு முன்னாலயும்தான் இருந்துச்சு, அத்தை. முதல்ல அவர் சொந்தமா யோசிச்சு ஒரு வார்த்தை பேசட்டும். அப்புறம் பார்ப்போம்."

"நீ சொல்றது சரிதாம்மா" என்று ஒத்துக்கொண்டாள் அம்மா. "அன்னைக்கு அவன் கண்ணை மூடிக் கும்பிட்டுட்டு இருந்தான். மூடச் சொன்னதே நான்தான்."