எனக்கு ஒதுக்கிய நாலு எஞ்சின்

என் வீட்டுக்காரர் சட்டம் போட்ட அன்று வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. டிவியை அணைத்திருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹாலில் நடந்தார். எங்கள் ஹாலில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். அதனால் நடந்ததைவிடத் திரும்பியதுதான் அதிகம்.

"இனிமே இந்த வீடு ரேஸ் விதிப்படிதான் நடக்கும்," என்றார்.

நான் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

அவருக்குக் கண்ணாடி அறுக்கிற கடையில் வேலை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மீன் தொட்டிக்கு அளவெடுத்து அறுப்பார். ஒரு நூல் தப்பினாலும் கண்ணாடி குப்பைக்குத்தான். அதனாலோ என்னவோ, அளவு, விதி என்று வந்துவிட்டால் அவருக்குப் பொய் வராது. வேறு விஷயத்தில் தாராளமாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குக் கார் ரேஸ். சக்கரமெல்லாம் வெளியே தெரிய, தரையோடு படுத்துக்கொண்டு ஓடுமே, அந்தக் கார். ஒவ்வொரு ரேஸும் ஒவ்வொரு நாட்டில் நடக்கும். அவர் மட்டும் அதே சோபாவில் இருப்பார்.

சட்டத்துக்குக் காரணம் நான்தான். பாப்பா பிறக்கும் முன்பு ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தேன். அங்கே வேன் ஓட்டுகிறவர் வருஷக் கடைசியில் நின்றுவிடுகிறாராம். "நீ லைசென்ஸ் எடுத்துட்டா வேலை உனக்குத்தான், பாப்பாவையும் வேன்லயே கூட்டிட்டு வந்துடு" என்று காப்பகத்து அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். குழந்தையைப் பிரியாமல் செய்கிற வேலை யாருக்குக் கிடைக்கும்? அன்று முழுக்க எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் பெண்களுக்கான டிரைவிங் வகுப்பு ஞாயிறு மத்தியானம் மட்டும்தான். முக்கால்வாசி ரேஸும் எங்களுக்கு ஞாயிறு மத்தியானம்தான்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பாவம் என்று நினைக்கிற நல்ல மனசு. அதனால் சட்டம் போட்டார்.

"ஒரு வருஷத்துக்கு இருபதுக்கு மேல ரேஸ். ஆனா ஒரு காருக்கு எஞ்சின் விரல் விட்டு எண்ணுற அளவுதான். இஷ்டத்துக்கு மாத்த முடியாது."

"சரிங்க."

"நீ பாப்பாவை என்கிட்ட விட்டுட்டு வெளிய போற ஒவ்வொரு தடவையும் ஒரு எஞ்சின். இந்த சீசன் முடியுற வரைக்கும் உனக்கு நாலு."

"நாலு வாரத்துல கார் ஓட்டக் கத்துக்க முடியாதுங்களே."

"அதுக்கு மேலயும் எடுத்துக்கலாம். நான் என்ன ராட்சசனா? ஆனா எடுக்கிற அன்னைக்கு பெனால்ட்டி உண்டு. வரிசையில கடைசி இடம்."

"கடைசின்னா?"

"நான் ரேஸ் பார்த்து முடிச்ச பிறகுதான் நீ வாசப்படி தாண்டலாம்."

அதற்குள் வகுப்பு முடிந்து, சொல்லிக்கொடுக்கிற அக்கா காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கே போயிருப்பார்கள். அது அவருக்கும் தெரியும். முகத்தில் நீதிபதி களை சொட்டியது.

நடுவராக எதிர்வீட்டு அண்ணனை வைத்தார். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். ரேஸ் பார்க்க எங்கள் சோபாவுக்குத்தான் வருவார்.

நாலு ஞாயிறு போனேன். நாலாவது வாரம்தான் கிளட்சைத் தொட விட்டார்கள். கார் விக்கல் எடுத்ததுபோல் குதித்து நின்றது. "அடுத்த வாரம் சரியாயிடும்" என்றார்கள் அந்த அக்கா. எனக்கு அடுத்த வாரம் இல்லை.

ஐந்தாவது ஞாயிறு அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"தீர்ந்துபோச்சும்மா. சீசன் பாதிகூட ஆகலை. எஞ்சினைப் பார்த்துச் செலவழிக்கணும்."

நான் அடுப்படியில் நின்று இடது காலால் தரையை அழுத்தி, மெல்ல விட்டுப் பார்த்தேன். தரைக்கு கிளட்ச் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு வந்து பாப்பாவோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிவியில் கார்கள் வரிசையாக நின்றன. அவருக்குப் பிடித்த டீமின் கார் எல்லாவற்றுக்கும் பின்னால் நின்றது. ஆனால் அந்த டீம் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியில நிக்கிறாங்க. எதுக்குங்க சிரிக்கிறாங்க?"

ரேஸைப் பற்றி நான் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேணும்னே வாங்கின பெனால்ட்டி அது. எஞ்சினை மாத்திட்டான். எல்லா டிராக்கும் ஒண்ணா? சில ஊர்ல ரோட்டையே அடைச்சு ரேஸ் விடுவாங்க. ரெண்டு பக்கமும் சுவரு. அங்க கடைசியில நின்னா கடைசி வரைக்கும் கடைசிதான். இங்க பாரு, எவ்வளவு நீள ரோடு. முந்திடலாம். அதான் தண்டனையை இங்க வந்து வாங்கிக்கிறான்."

"எஞ்சினை மட்டும்தான் மாத்தினாங்களா?"

"எதுக்கு? டர்போ, பேட்டரி எல்லாத்தையும் சேர்த்து மாத்திட்டான். ஒண்ணு மாத்தினாலும் கடைசி, ஒன்பது மாத்தினாலும் கடைசி. கடைசிக்குக் கீழ இடம் ஏது? தண்டனை ஒரு நாளைக்கு. புதுசு மீதி சீசனுக்கு."

"ஏமாத்து இல்லீங்களா?"

"விதியில இருக்கு. விதியில இருந்தா எப்படி ஏமாத்தாகும்?" என்றார். பிறகு ரொம்ப அன்பாக, "அடுத்த வாரம் நீயும் கூடப் பாரு. ஆனா விடியக்காலையில எழுந்திரிக்கணும். பூமிக்கு அந்தப் பக்கம் நடக்குது" என்றார்.

நான் எழுந்தேன். அவருக்கு முன்னாலேயே எழுந்தேன். இரண்டு பேரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு பார்த்தோம். எதிர்வீட்டு அண்ணன் தலை சீவாமல் வந்து உட்கார்ந்திருந்தார். வெயில் வரும்போது ரேஸ் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். அவர் வாய் மூடட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"நான் இன்னைக்கு எஞ்சின் மாத்திக்கிறேங்க."

"தாராளமா மாத்திக்க. பெனால்ட்டி இருக்கே."

"இருக்குங்க. உங்க ரேஸ் முடிஞ்ச பிறகுதான் வாசப்படி தாண்டணும். முடிஞ்சிருச்சே. வகுப்பு மத்தியானம்தான்."

அவர் யோசித்தார். "சரி, ஒரு வாரம்தானே. போயிட்டு வா."

"ஒண்ணு இல்லீங்க. சீசன் முடியுற வரைக்கும் எத்தனை ஞாயிறு இருக்கோ, அத்தனை எஞ்சினும் இன்னைக்கே எடுத்துக்கிறேன்."

போர்வை அவர் தோளிலிருந்து விழுந்தது.

"அது எப்படி?"

"ஒண்ணு எடுத்தாலும் கடைசி, ஒன்பது எடுத்தாலும் கடைசின்னு நீங்கதானே சொன்னீங்க."

இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை. பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நடுவர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒரே தண்டனையில நாலஞ்சு எஞ்சினைச் சேர்த்து வெக்கிற ஓட்டையை ரேஸ்ல எப்பவோ அடைச்சிட்டாங்கல்ல?"

"அடைச்சிட்டாங்க," என்றார் அண்ணன்.

"கேட்டுக்க."

"உங்க வீட்டு விதியில அடைச்சிருக்கீங்களா தம்பி?"

அவர் கீழே விழுந்த போர்வையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"அடைக்கலேன்னா செல்லும். தங்கச்சி போயிட்டு வரட்டும்."

"நீங்க யார் பக்கம்ணே?"

"நான் விதி பக்கம். அதே வகுப்புக்கு என் வீட்டுக்காரியும் போறா. போன வாரம் தங்கச்சி வரலைன்னு துணையில்லாம பயந்துகிட்டே ஓட்டி, அந்தக் கோபத்தை என்கிட்ட காட்டினா. அது வேற விஷயம்." சொல்லிவிட்டு அண்ணன் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று கார் குதிக்கவில்லை. ஒரு தெரு முழுக்க ஓட்டினேன். திரும்பும் இடத்தில் அந்த அக்கா ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் செருப்பு மாட்டும்போது டிவியில் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. எஞ்சின் சத்தம் கேட்டால் பாப்பா வீறிடுவாள். அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தை மட்டும் டிவி பக்கம் திருப்பி, நாலு எட்டு நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

"இந்த விதியை நான் மாத்தப் போறேன்," என்றார்.

"மாத்துங்க. ரேஸ்ல விதியை எப்பங்க மாத்துவாங்க?"

அவர் பாப்பாவை மறு தோளுக்கு மாற்றினார். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன்.

"நடு சீசன்ல மாத்தணும்னா எல்லா டீமும் ஒத்துக்கணும்," என்றார். "இல்லேன்னா அடுத்த சீசன்தான். அதுக்குள்ள உனக்கு லைசென்ஸே வந்துரும்."

டிவியை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "பால் பாட்டில் எங்க இருக்கு?" என்று கேட்டார்.