கிளம்ப மறுத்த காரும் மூவர் குழுவும்

உலகில் எத்தனையோ கார்கள் பாதி வழியில் நின்றிருக்கின்றன. அமைக்கப்பட்ட ஒரு குழு பாதியில் நின்றதாக மட்டும் வரலாறு கிடையாது. இந்தப் பெருமையைக் கட்டிக் காத்துவரும் அலுவலகங்களில் தலையாயது குடிநீர் வழங்கல் அலுவலகம். அங்கே பதினோரு வருடமாகக் கார் ஓட்டும் பாக்கியம் பெற்றவளை எல்லோரும் 'டிரைவரம்மா' என்பார்கள்.

அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு காலையிலேயே படுத்துவிட்டது. சிறுநீரகப் பிரிவில் முப்பத்தொரு பேர், தண்ணீர் இல்லாமல் நடக்காத ரத்தச் சுத்திகரிப்புக்குக் காத்துக் கிடந்தார்கள். பம்புக்கான புதுப் பேரிங்கைக் கிடங்கிலிருந்து எடுத்துவந்த டிரைவரம்மாவும் ஃபிட்டரும், ஒரேயொரு கையெழுத்துக்காக அலுவலக வாசலில் காரை நிறுத்தினார்கள். கையெழுத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. திரும்பிவந்து சாவியைத் திருகினால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

அவள் பானெட்டைத் திறந்தாள். ஹாரன் கணீரென்று அடித்தது, ஆகவே பேட்டரி நலம். பிளக்கில் பொறி பறந்தது. பெட்ரோல்தான் வந்துசேரவில்லை.

"கொதிக்கிற எஞ்சினை வெயில்ல நிறுத்தினோமில்ல? குழாய்க்குள்ளயே பெட்ரோல் ஆவியாயிடுச்சு. ஈரத்துணி சுத்தி, பத்து நிமிஷம் ஆற விட்டா ஓடும்" என்றாள் ஃபிட்டரிடம்.

இதை மேலாளர் கேட்டுவிட்டார். அதிர்ந்துபோனார்.

"ஈரத்துணியா? எந்த விதியில இருக்கு?"

"விதியில இல்ல சார், வெயில்ல இருக்கு."

"நீங்களா காரணம் கண்டுபிடிக்கக் கூடாதும்மா. அதுக்குக் குழு இருக்கு."

"இன்னொரு கார் இருக்கே சார், அதுல போயிடறோம்."

"அது 'நேரத்தை வீணாக்காமலிருப்பது எப்படி' கருத்தரங்குக்குப் போயிருக்கு. மூணு நாள் ஆகும்."

ஐந்தே நிமிடத்தில் மூவர் குழு பிறந்தது: மேலாளர், கண்காணிப்பாளர், அண்மையில் வரவழைக்கப்பட்ட 'செயல்திறன் ஆலோசகர்'. வெயிலின் தாக்கத்தை ஆழமாக ஆராயவேண்டியிருந்ததால், ஏசி அறையில் கூடினார்கள். டிரைவரம்மா சாட்சியாக நிறுத்தப்பட்டாள்.

ஆலோசகர் கண்ணை மூடியபடி கேட்டார்: "காலையில ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சுங்க."

"மத்தியானம் ஆகல. அப்ப இது திறமைக் குறைவு இல்ல, ஊக்கக் குறைவு. கடைசியா இந்தக் காரை யாராவது பாராட்டினீங்களா?"

"போன மாசம் கழுவினேன் சார்."

"கழுவுறது வேற, பாராட்டுறது வேற." கண்காணிப்பாளர் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்.

"சார், ஆஸ்பத்திரியில ஆளுங்க காத்திருக்காங்க" என்றாள் அவள்.

"நாங்க மட்டும் சும்மாவா இருக்கோம்?" என்றார் மேலாளர், நியாயமான வருத்தத்தோடு. "வெளியில இருங்க. கூப்பிடறோம்."

வெளியே வந்தவள் தன் துப்பட்டாவை உருவினாள். நனைக்கக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குடிநீர் வழங்கும் அலுவலகம் எல்லாவற்றையும் பிறருக்கே வழங்கிவிட்டது போலும். ஃபிட்டர் தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைத் துணியில் ஊற்றினார்.

"வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க டிரைவரம்மா."

"வெக்கட்டும்ணே. பேரிங் பொட்டலத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

பெட்ரோல் குழாயில் துணியைச் சுற்றிக் காத்திருந்தாள். அந்தப் பத்து நிமிடம் பத்து வருடமாக நகர்ந்தது. சாவியைத் திருகினாள். கார் இருமியது, தும்மியது, பிறகு யாருடைய பாராட்டும் இல்லாமலே கிளம்பியது. மூன்று மணிக்குள் பம்பு ஓடியது. தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டு, வார்டு நர்ஸ் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழுவும் சளைக்கவில்லை. ஐந்து மணிக்கு, காரை நேரில் ஆய்வுசெய்ய வாசலுக்கு எழுந்தருளியது. ஆய்வுக்குரிய பொருள் அங்கே இல்லை.

மறுநாள் காலை டிரைவரம்மாவின் கையில் மெமோ திணிக்கப்பட்டது. 'பழுதின் காரணத்தைக் குழு கண்டறியுமுன், மேற்படி பழுதை அனுமதியின்றி நீக்கி, விசாரணைக்கான ஆதாரத்தை அழித்தீர். விளக்கம் தருக.'

அவள் மேலாளரின் மேஜையிலிருந்த பேனாவையே வாங்கி, நின்றபடி எழுதிக் கொடுத்தாள்:

'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு உடந்தையாக ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். அவர்களை விசாரிக்கக் குழு தாமதமாகப் போனாலும் பரவாயில்லை. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.'