எங்கள் ரொட்டி நிறுவனம் மக்கள் தொடர்பு அதிகாரியைத் தேர்ந்தெடுத்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு பல்லாயிரம் வருடம் சும்மா இருந்துவிட்டு மக்கள் தொடர்பு அதிகாரியைக் கண்டுபிடித்தது. அப்பேர்ப்பட்ட ஒருவரை இந்தோனேசியாவின் மேடான் நகரில் எங்கள் ரொட்டி நிறுவனத்துக்குத் தேர்ந்தெடுத்த 'உயர்மட்டக் குழு'வில் நிர்வாகப் பிரிவின் சார்பாக நானும் இருந்தேன் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

தேவை எழுந்தது ஒரு சின்னக் காரணத்தால். எங்கள் தேங்காய் ரொட்டியைக் கடித்த ஒரு பள்ளி ஆசிரியை உள்ளே ஒரு போல்ட்டைக் கண்டார். கண்டதோடு விடாமல் கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கே காட்டினார். இரண்டு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். முதலாளி பாக் ஹாலிம் அவசரக் கூட்டம் கூட்டினார். (எங்கள் ஊர் மரியாதையில் ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு', அண்ணனுக்கு 'பாங்'.)

"இரும்புச்சத்துன்னு சொல்லிப் பாக்கலாமா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் பயபக்தியோடு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

நேர்காணலுக்கு முதலில் வந்தவர் இபு ரோஸ்மாவார். இருபது வருடம் பத்திரிகையில் இருந்தவர். உட்காரும்போதே கேட்டார்: "போல்ட்டு எந்த மெஷின்லேர்ந்து விழுந்துச்சு பாக்? திரும்ப மாட்டியாச்சா?"

குழு திகைத்துப் போயிற்று. மக்களோடு தொடர்பு கொள்ள வந்தவர் எந்திரத்தோடு தொடர்பு கொள்ளப் பார்க்கிறார்! 'துறைக்குப் புறம்பான ஆர்வம்' என்று எழுதி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அடுத்தவர் பாங் ஃபெர்டி. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். எந்திரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்க ஃபேக்டரியில நல்லா அழறவங்க யாரு?"

முதலாளிக்குப் புல்லரித்துவிட்டது. "நானே அழட்டுமா?"

"ஐயையோ, நீங்க அழுதா லாபம் போச்சேன்னு அழறான்னுடுவாங்க பாக். யூனிஃபார்ம் போட்ட பொம்பளை ஒருத்தர் அழணும். கையில மன்னிப்புக் கடிதம். அதுல ரெவின்யூ ஸ்டாம்பு, ஸ்டாம்பு மேல கையெழுத்து. நம்மூர்ல கோழி திருடினவன்கூட ஸ்டாம்பு ஒட்டி கேமரா முன்னாடி வாசிச்சுட்டா ஜனங்க மன்னிச்சு விட்டுடறாங்க. நாம ரொட்டிதானே!"

அந்த நாற்காலியிலேயே நியமனம் செய்தோம்.

அழுவதற்கு ஃபெர்டி தேர்ந்தெடுத்தது மாவுப் பகுதியில் பதினொரு வருடமாக வேலை செய்யும் சாவோதாவை. கணவர் இல்லை, இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். ஆகவே 'ஒத்துழைப்பு' நிச்சயம். மாவு பிசையும் எந்திரம் ஆடுகிறது, போல்ட்டு கழன்றுவிடும் என்று நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். மூன்றையும் வாங்கித் தேதிவாரியாகக் கோப்பில் சேர்த்தவன் நான். எங்கள் கோப்பு முறையில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஃபெர்டி நீட்டிய காகிதத்தை சாவோதா வாசித்துப் பார்த்தார். 'என் கவனக்குறைவால் போல்ட்டு விழுந்துவிட்டது' என்று அதில் இருந்தது.

"இது பொய்யாச்சே, பாங்."

"வாசிச்சா வேலை இருக்கு இபு, வாசிக்கலேன்னா இல்ல. அவ்வளவுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாக் சூசை, உங்களுக்குத் தெரியுமே! சொல்லுங்களேன்."

நான் கோப்பை எடுத்துத் தேதிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கத்தைப் பதிவு செய்ய எங்கள் படிவங்களில் இடம் கிடையாது.

'உண்மைத்தன்மை'க்காக நேரலை என்பதும் ஃபெர்டியின் ஏற்பாடுதான். இருபதாயிரம் பேர் காத்திருந்தார்கள். சாவோதா கைப்பேசிக் கேமரா முன் நின்றார். காகிதத்தில் ஒட்டியிருந்த ஸ்டாம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸ்டாம்பு ஒட்டின காகிதத்துல பொய் சொல்ல எனக்குப் பயமா இருக்கு. அதனால நடந்ததையே சொல்லிடறேன். அந்த மெஷின் ஒரு வருஷமா ஆடுது. மூணு லெட்டர் குடுத்தேன், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இன்னும் போல்ட்டு மாட்டல. ரொட்டியைப் பிச்சுப் பாத்துட்டுப் புள்ளைங்களுக்குக் குடுங்கம்மா."

முதலாளி, "நிறுத்துடா!" என்று கத்தினார். கைப்பேசியைப் பிடுங்கப் பாய்ந்த ஃபெர்டி, திரையில் குவியும் இதயக் குறிகளைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"விடுங்க பாக், விடுங்க! ஹார்ட்டு கொட்டுது!"

மறுநாள் நாடே எங்களைக் கொண்டாடியது. தன் குறையைத் தானே சொல்லும் இப்படியொரு நிறுவனம் உண்டா என்று எழுதினார்கள். போல்ட்டையும் மாட்டிவிட்டோம்; கால் மணி நேர வேலை.

திங்கட்கிழமை முதலாளி சொல்லச் சொல்ல இரண்டு கடிதங்கள் தட்டச்சு செய்தேன். ஒன்று ஃபெர்டிக்குப் பதவி உயர்வு; மற்றது சாவோதாவுக்கு வேலைநீக்கம். காரணம் என்ற இடத்தில் எனக்கு அதிக சிரமம் இருக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே வரிதான்: 'நிறுவனத்தைப் பற்றிய உண்மையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தமைக்காக.'